எரிகல் பள்ளத்தில் விண்கல் இல்லை

சென்ற செப்டம்பரில், காலாண்டு விடுமுறையில், கொடைக்கானலுக்குப் போனேன். ஏரியைப் பார்க்க அல்ல. அங்கே குடியேறிய ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வாரப் பத்திரிகையில் எழுதியிருந்தார்: பூம்பாறை சாலையில் 'எரிகல் பள்ளம்' என்றோர் இடம் உண்டு, விண்கல் விழுந்து உண்டான குழி, அங்கே வானத்துக் கண்ணாடி கிடைக்கிறது, ஆளுக்கொன்று எடுத்து வரலாம். நிலவியலை நான் கல்லூரியில் படிக்கவில்லை, நூலகத்தில் படித்தேன். பஸ் போகிற தூரத்தில் விண்கல் குழி என்றால் விடுவேனா?

வத்தலக்குண்டில் காலை ஆறரைக்கு பஸ். மலைப்பாதை ஏறக்குறைய நாற்பது மைல். போய்ச் சேரப் பத்து மணி தாண்டிவிடும். குமட்டல் உள்ளவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள், எலுமிச்சம்பழத்தை நம்பாதீர்கள். சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் பூம்பாறை பஸ்ஸில் ஏறினேன். இடத்தைச் சொன்னதும் கண்டக்டர் சிரித்தார்.

"கல்லு பொறுக்கவா? நேத்து ரெண்டு பிளஷர் காருல வந்து அள்ளிட்டுப் போனாக. மிச்சம் கெடந்தா ஒங்களுக்கு."

சாலையிலிருந்து அரை மைல் இறங்க வேண்டும். ஒற்றையடிப் பாதை இரண்டு பக்கமும் மிதிபட்டு வண்டித்தடம் போல அகன்றிருந்தது. சரிவில் படிப்படியாகப் பூண்டு வயல்கள். அறுவடைக்கு மூன்று வாரம்கூட இராது. தாள் பழுக்கத் தொடங்கியிருந்தது. பள்ளத்தை ஒட்டிய வயலின் தாங்கு சுவர் அடியில் பத்து இடங்களில் தோண்டியிருந்தார்கள். பூண்டுச் செடிகள் வேரோடு கிடந்தன.

விண்கல் மோதினால் நிலம் சும்மா குழிவதில்லை. விளிம்பு எழும்பி, அடிப்பாறை மேலே புரண்டு கிடக்கும். நொறுங்கிய பாறை சுற்றிலும் சிதறியிருக்கும். கல்லே ஒரு நொடியில் உருகி, ஆறி, கண்ணாடியாகும். அதற்குள் சில சமயம் நிக்கல் கலந்த இரும்பு மணிகள் இருக்கும். இங்கே விளிம்பு இல்லை. ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட கரும்பாறை. கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடைத்தது. உடைத்தேன். உள்ளே அடுப்புக்கரி, மரத்தின் நார்கூட அழியாமல். கொல்லன் உலைக் கசடு.

"நீங்களும் பொறுக்க வந்தவுகதானா?"

மேல் வயலில் களைக்கொத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் வெள்ளையம்மாள் என்று பிறகு தெரிந்தது. அவளுடைய வயல்தான் அது.

"பார்க்கத்தான் வந்தேன், அக்கா."

"பாக்க வந்தவுகளுக்குக் கையில சுத்தியல் எதுக்கு?"

துண்டை நீட்டி, "இது வானத்திலிருந்து வந்ததில்லை" என்றேன்.

"வானத்துலருந்துன்னு நாங்களா சொன்னோம்? எரிஞ்ச கல்லு, எரிகல்லு. வண்டிப்பாதை போட்டப்ப பாறை மேல தீ மூட்டி, தண்ணி ஊத்திப் பொளந்தாக. இங்கனதான் ஒல வச்சுக் கடப்பாரைக்கு மொன அடிச்சது. பத்திரிகைக்கு எழுதுன அந்த ஐயாவும் பேரக் கேட்டாரு, சொன்னேன். மேக்கொண்டு ஒரு வார்த்த கேக்கல, எழுதிக்கிட்டுப் போயிட்டாரு." சுவரைக் காட்டினாள். "மழைக்கு முன்னால இத வெரசா அடைக்கணும். எங்க வீட்டுக்காரரு பழனிக்குப் போயிருக்காரு. வந்தவுக எல்லாம் ஆளுக்கொரு கல்ல உருவிக் கீழ தள்ளிட்டுப் போறாக. எனக்கு இதான் சோலியா?"

இருட்டும் வரை இருவரும் சேர்ந்து அடைத்தோம். பாதிகூட முடியவில்லை.

மறுநாள் ஏரிக்கரையில் பொறியாளரைத் தேடிப் பிடித்தேன். கரி உள்ள கசடுத் துண்டைக் காட்டினேன்.

"பேரே எரிகல்னு இருக்கேம்மா. வேற என்ன ப்ரூஃப் வேணும்?"

"அது எரிந்த கல், சார். அந்த ஊரில் கேட்டாலே சொல்வார்கள்."

"அவங்களுக்கு மீட்டியரைட் பத்தி என்ன தெரியும்? நாலு டூரிஸ்ட் வந்தா ஊருக்கு நல்லதுதானே. பூண்டு அடுத்த வருஷமும் வெளையும்."

சுவர் இடிகிறது, மறுப்பு எழுதுங்கள் என்றேன். யோசிப்பதாகச் சொல்லி நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார். தமிழ் தெரிந்தவர், பாறை தெரிந்தவர். ஒரு கேள்வி கேட்கச் சோம்பிவிட்டு அதற்கு அறிவியல் என்று பெயர் வைக்கிறார். அறியாமையை நான் பொறுப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலையே மழை. மறுநாள் காலை போனபோது சுவர் இருந்த இடத்தில் சேறு வழிந்துகொண்டிருந்தது. முற்றாத பூண்டு பள்ளத்தில் மிதந்தது. வெள்ளையம்மாள் முழங்கால் சேற்றில் நின்று கைக்கு எட்டியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "இப்ப நானும் பொறுக்கத்தான் வந்திருக்கேன், தாயி."

பயணம் போகிறவர்களுக்கு: விண்கல் குழி பார்க்க ஆசையென்றால் மகாராஷ்டிரத்து லோணார் ஏரிக்குப் போங்கள், எரிமலையா விண்கல்லா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடியிருந்தாலும், பார்க்கத் தகுந்த குழி. பூம்பாறை சாலைப் பள்ளத்தில் உங்களுக்கு எதுவும் இல்லை. ஏற்கெனவே போய்க் கறுப்புக் கண்ணாடி எடுத்து வந்தவர்கள் அதை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லன் உலைக் கசடு, கெட்டுப்போகாது. அதை எடுக்கத் தள்ளிவிட்ட சுவர்க்கல் மட்டும் இன்னும் கீழே கிடக்கிறது. மறுபடி போவதானால் அதை மேலே தூக்கி வைத்துவிட்டு வாருங்கள்.