ஆள் இருக்கிற காம்பரா

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஒரு சொல்லைக் காட்டினால் போதும், அதன் லத்தீன் பூட்டனிலிருந்து ஆரம்பித்து மாமன், மச்சான், ஒன்றுவிட்ட பங்காளி வரை சொல்லிவிடுவேன். கல்யாணத் தரகராகப் போயிருந்தால் ஹாலிஎலயில் வீடு கட்டியிருப்பேன். ஆசிரியராகப் போனேன், ஹாலிஎலயில் வாடகைக்கு இருக்கிறேன்.

அந்த வாரம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு குடும்பத்தை எழுதிப் போட்டிருந்தேன். மூத்தவர், 'வெறுமை' என்று பொருள்படும் லத்தீன் சொல். பிள்ளைகளில் வேக்கன்ட் என்றால் காலி. வெக்கேஷன், பள்ளிக்கூடம் காலியாகிற காலம். வேக்கூம், காற்றுகூட இல்லாத இடம். இவாக்குவேட், ஆட்களை வெளியேற்றி இடத்தைக் காலியாக்குவது. மாணவர்கள் வெக்கேஷனை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

பிறகு மழை பிடித்தது, விடவில்லை. ஸ்பிரிங்வெளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், அக்கா இருக்கிற வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளவு. எல்லாரும் இறங்கி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். எல்லாரும் வந்தார்கள், அக்காவைத் தவிர. கூட்டிவர நான் போனேன்.

அவள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவாக்குவேட் பண்ணச் சொல்லிட்டாங்கக்கா. கெளம்பு."

"அப்படின்னா?"

"காலி பண்றது."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தக் குடும்பத்திலேயே ஆகாத ஆளைக் கூட்டிவந்துவிட்டேன் என்று.

"காலி பண்ணுனா போச்சுடா."

லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. உள்ளே இருக்கிற ஆள்தான் உறுதி. அதனால் கல்யாணமோ கருமாதியோ, ஒருவரை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள். அக்கா மகள் கல்யாணம் வெலிமடையில் நடந்தபோது எங்கள் அத்தான், பெண்ணைப் பெற்றவர், இங்கே வாசற்படியில் உட்கார்ந்து காவல் காத்தார். போன மழைக்குத் தற்காலிகமாக இறங்கின பக்கத்துத் தோட்டப் பிரிவுக்காரர்கள் இன்னும் தகரக் கொட்டகையில்தான் தற்காலிகமாக இருக்கிறார்கள்.

"மலை விழுந்தா என்னக்கா பண்ணுவ?"

"விழுந்தா விழட்டும். விழாட்டி? விழாத காம்பராவுக்கு வேற ஆளு வந்துருவான்."

காலைப் பிடித்துக் கெஞ்சினேன். கடைசியில் இரங்கினாள்.

"சரி, நான் போறேன். நீ இரு."

"நானா?"

"படிச்சவன்தானே. மலை எறங்குனா ஒனக்குத் தெரியாமலா போயிரும்?"

குடையோடு இறங்கிப் போய்விட்டாள். ஒரு ஆளை அனுப்ப வந்தேன். ஒரு ஆள் போயாகிவிட்டது. நான் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பயம் வந்தால் புத்தி பழகின வேலைக்குத்தான் ஓடும். காம்பராவும் லத்தீன்தான். போர்த்துக்கேயரோடு கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்டது. படம் பிடிக்கிற கேமரா அதன் உடன்பிறப்பு. ஒரே அறையில் படுத்தெழுகிற தோழனைச் சொல்கிற காம்ரேட்டும் அந்த வீட்டுப் பிள்ளை. லயம் என்கிற லைனும் லத்தீன் கோடு. ஆக, எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சுத்தமான லத்தீனில் குடியிருக்கிறது. சுவரில் தண்ணீர் கசிந்தபடி இருந்தது. லத்தீன் அதைத் தடுக்கவில்லை.

கிராம சேவகர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

"உள்ளுக்கு ஆள் இருக்கா?"

இருக்கு என்றால் இறக்கிவிடுவார். பேசாமலிருந்தால் காம்பரா காலி என்று ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் உண்டா என்று தேடினேன். மேலே எங்கோ மண் சரிகிற சத்தம் கேட்டது.

"இருக்குங்க!" என்று கத்தினேன்.

கதவைத் திறந்தவர் திகைத்தார். "சேர், நீங்களா? பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள் இங்க என்னா செய்யிறது?"

அவரே கதவைச் சாத்தி, என் முழங்கையைப் பிடித்துக் கீழே நடத்திவந்தார்.

அக்கா எட்டாம் வகுப்பில், கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்திருந்தாள். தொப்பலாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இங்க இருந்தா அங்க யாரு இருக்கா?"

அவள் பாயைச் சுருட்டினாள்.

"வேணாக்கா."

"நீ பாடம் எடு, போ."

பாதை வளைவில் அவள் குடை மறையும் வரை வாசலில் நின்றேன். திரும்பக் கூப்பிடுவதற்கு லத்தீனில் ஒரு குடும்பமே இருக்கிறது. எனக்கு வாயில் வந்தது "அக்கா" மட்டும்தான். மழையில் அது படியைத் தாண்டவில்லை. கிராம சேவகர் மறுபடி ஏறிப் போனார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாளாம்.

மலை அன்றைக்கு விழவில்லை. பிளவு மேல் பொலித்தீன் போர்த்தி, அது பறக்காமலிருக்கக் கல் வைத்திருக்கிறார்கள். இப்போது வானம் கறுத்தால் நான் அவளைக் கூட்டிவரப் போவதில்லை. ரொட்டி தின்னப் போகிறேன். அக்கா எதுவும் கேட்பதில்லை. பின்சுவரிலிருந்து தள்ளி, வாசல் பக்கமாக எனக்கு ஒரு சாக்கை விரித்துவிடுகிறாள்.