என் வார்த்தை, அவள் குரல்

இரண்டாயிரத்து நான்கு வாக்கில், ஓர் ஆவணி மாத முகூர்த்த நாளில், விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவில் நடந்தது இது. கடைக்கு முன்னால் பாதித் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். எனக்கும் பத்திரிகை வைத்திருந்ததால் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். வழி நெடுக எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏன் எரிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் என் கணவர் ஆடியோ கேசட் கடை வைத்திருந்தார். பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் தொழில் மெல்லப் படுத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு துணிக்கடை முதலாளி வந்து, தீபாவளி விற்பனைக்கு ஆட்டோவில் ஒலிபரப்ப ஒரு கேசட் வேண்டும் என்றார். நான் தமிழ் படித்தவள். எழுதச் சொன்னால் கை சும்மா இருக்காது. உட்கார்ந்து எழுதிவிட்டேன். பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. என் கணவர் பேசிப் பார்த்தார், தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தது.

எங்கள் தெருவிலேயே ஓர் ஆட்டோக்காரரின் மனைவி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவரோடு சேர்ந்து கடல் காற்றில் கத்திக் கத்தியே வளர்ந்ததாலோ என்னவோ, தெருமுனையில் போகும் புருஷனை வீட்டு வாசலில் நின்றபடி ஒரே அழைப்பில் திருப்பிவிடுவாள். காதைக் குத்தாத, ஆனால் நின்று கேட்க வைக்கிற குரல். அவளைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தேன்.

எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்க வரும். தாளைப் பார்த்துப் படித்தால் குரல் செத்துவிடும். அதனால் நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்வாள். பிடிபடவில்லை என்றால் வலது கை ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்குவாள். இன்னொரு முறை சொல்வேன். 'மல்லாட்டை வித்த காசு கைல இருக்கும்போதே வந்துடுங்கம்மா, அப்புறம் நல்ல நெறமெல்லாம் போயிடும்' என்று நான் எழுதியதை அவள் பேசியபோது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாரும்மா கூப்புட்டது?" என்று கேட்டார்.

அந்தத் தீபாவளிக்குக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பிறகு பாத்திரக்கடை, செருப்புக்கடை, டுடோரியல் சென்டர் என்று வரிசையாக வந்தார்கள். தொழிலைச் செய்தபடியே கற்றுக்கொண்டேன். ஆட்டோ ஒரு வீட்டைக் கடந்து போவதற்குள் சங்கதி முடிந்துவிட வேண்டும். கடைப் பெயரை முதலிலும் சொல்ல வேண்டும், கடைசியிலும் சொல்ல வேண்டும். விவசாயம் நடக்கிற பிரம்மதேசம் பக்கம் போகிற ஆட்டோவுக்கு ஒரு பேச்சு, கடலோரம் போகிற ஆட்டோவுக்கு வேறு பேச்சு. நிலக்கடலை என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மல்லாட்டை என்றால்தான் நிற்பார்கள். இதெல்லாம் என் மூளை. ஆனால் ஊருக்குத் தெரிந்தது அவள் குரல் மட்டும்தான்.

ஒருமுறை இருவரும் மரக்காணம் பஸ்ஸில் போனோம். அவள் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதுதான் தாமதம், முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா திரும்பிவிட்டார்.

"ஏ, ஆட்டோல பேசிக்கினு போற பொண்ணு நீதான? எம் பேரன் நீ பேசுறத அப்டியே சொல்லுவான்!"

பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து பார்த்தார்கள். அந்த அம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம், "இவுங்க யாரு, உங்கூட வந்தவங்களா?" என்றார்.

"இவுங்க எங்கக்கா. இவுங்கதான் எல்லாம் எழுதறவங்க" என்று அவள் சொன்னாள். அதைக் கேட்க அந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை. பேரன் எப்படிப் பேசுவான் என்று நடித்துக்காட்ட ஆரம்பித்துவிட்டார். மரக்காணம் வரும்வரை நான் ஜன்னல் வழியாக உப்பளத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு சூடு ஏறிவிட்டது. தீபாவளிக்கு முதலாளி அவளுக்குப் பட்டுப்புடவை கொடுத்தார், எனக்கு ஸ்வீட் பாக்ஸ். சாப்பிடும்போது என் கணவரும்கூட, "இன்னைக்கு அது பேசுனது பிரமாதம்ல?" என்பார். எழுதியது யார் என்று கேட்க நாக்கு வரை வரும். சாம்பாரோடு விழுங்கிக்கொள்வேன். பதிவு முடிந்து அவள் வீட்டுக்குப் போன பிறகு கேசட்டைத் திரும்பப் போட்டு, எங்கேயாவது சொதப்பியிருக்கிறாளா என்று தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இந்த நிலையில் விழுப்புரத்தில் ஒரு விளம்பர நிறுவனம் கிளம்பியது. தனி ரிக்கார்டிங் அறை, பின்னணி இசை, கேபிள் டிவி விளம்பரம் என்று பெரிய அளவில் செய்தார்கள். எங்கள் துணிக்கடை முதலாளி விழுப்புரத்தில் கிளை திறக்கப் போவதாகவும், அந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அதோடு விடவில்லை. "அந்தப் பொண்ணு குரல்தான் வேணும்னு சொல்லிருக்கேம்மா" என்றார். நான் எழுதுவது வேண்டும் என்று சொன்னாரா என்று கேட்கவில்லை. கேட்டு அவர் விழித்திருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது.

அவள் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, விழுப்புரத்துல கூப்புடறாங்க. போவட்டா? நீ வேணாம்னா போவல."

"ஏன் வேணாங்கறேன்? நல்லா வர்ற நேரம், போ" என்றேன். வாய்தான் சொன்னது.

அங்கே எழுதுவதற்கு அவர்களிடமே ஆள் இருந்தது. அவள் விழுப்புரம் போக ஆரம்பித்த பிறகு, இங்கே நானே பேசிப் பதிவு செய்தேன். பாத்திரக்கடைக்காரர் கேட்டுவிட்டு மோவாயைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா ரேஷன்ல பாமாயில் போடறாங்கன்னு சொல்ற மாரி இருக்குது" என்றார். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு போய்விட்டது.

இந்த நிலையில்தான் கிளைத் திறப்பு விழாவுக்குப் போனேன். பந்தல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேடையில் முதல் வரிசையில், அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பெரிய மனிதர்கள் பேசி முடித்ததும், விழாவை நடத்திய தம்பி மைக்கைப் பிடித்தார். "நம்ம எல்லாரையும் இந்தக் கடைக்குக் கூட்டிக்கினு வந்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க" என்று ராகம் போட்டு அவளை அழைத்தார். முதலாளி பொன்னாடை போர்த்தினார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், என் கையிலிருந்து சத்தம் வந்ததா தெரியாது.

"ஆட்டோல பேசற மாரி ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று முதலாளி மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

மைக் கொய்ங் என்று இரைந்து அடங்கியது. ஜனங்கள் காத்திருந்தார்கள். அவள் முகத்தில் வேர்வை பொங்கியது. "சும்மா பேசும்மா, பயப்படாத" என்றார் முதலாளி. அதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "கேசட்டுல பேசுனது வேற ஆளு போலக்குதுடோய்!" என்று கத்த, பந்தலே சிரித்தது. விளம்பர நிறுவனத்துக்காரர் மேடை ஓரத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு என் காதில் இனிப்பாகத்தான் விழுந்தது. 'இப்போது தெரிகிறதா, குரல் மட்டும் இருந்தால் போதாது' என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகூட உட்கார்ந்தேன்.

அப்போது அவளுடைய வலது கையைப் பார்த்தேன். புடவை மடிப்போடு ஒட்டித் தொங்கிய கையில் ஆள்காட்டி விரல் மட்டும் லேசாகத் தூக்கி நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது. யாராவது வரியைச் சொல்ல மாட்டார்களா என்று அந்த விரல் தானாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை கூட்டத்தில் அது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

எப்படி எழுந்தேன், எப்படிப் படியேறினேன் என்று நினைவில்லை. விழாவை நடத்திய தம்பி குறுக்கே கை நீட்டினார்.

"மேடம், நீங்க யாரு?"

"நான் இவங்க கூட வந்தவ" என்றேன்.

பஸ்ஸில் என்னைச் சுட்ட அதே வார்த்தை, என் வாயிலிருந்தே வந்தது. அந்த நேரத்தில் அது சுடவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, காதோரம் மெதுவாகச் சொன்னேன். "எல்லாருக்கும் வணக்கம். நான் மரக்காணம் பக்கத்துப் பொண்ணு."

அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் வணக்கம்! நான் மரக்காணம் பக்கத்துப் பொண்ணு!" என்றாள். பந்தல் ஓரத்துப் பூக்காரி வரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்கம்மா மீன் ஏலம் உடுவாங்க. நானும் கூட நின்னு கத்துவேன்" என்றேன். சொன்னாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ பெரிய வாயான்னு திட்டுனாங்க. அந்த வாயாலதான் இன்னைக்கு உங்க எல்லாரையும் கூப்புடறேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. நான் சொன்னபோது அது ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவள் வாயில் அது அவள் வாழ்க்கையாக இருந்தது. கேலி செய்தவன்கூட விசிலடித்தான். முன் வரிசையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திண்டிவனத்துல தெறந்த கடை விழுப்புரத்துக்கு வந்துட்டுது. நானும் வந்துட்டேன். நீங்க இன்னும் வெளிய நின்னுக்கினு என்னா பண்றீங்க? உள்ள வாங்க!"

பந்தல் அதிர்ந்தது. அவள் திரும்பி, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் சொல்லித்தராத ஒரு வரியை மைக்கில் சொன்னாள். "இதெல்லாம் எங்கக்கா சொல்லிக் குடுத்தது." ஆனால் அவள் பேசி முடித்துவிட்டதாக நினைத்து, மைக் செட்காரர் அந்த நொடியில் மங்கள இசையைப் போட்டுவிட்டார். நாதஸ்வரத்தில் அந்த வரி மூழ்கிப்போனது. எனக்கு மட்டும் கேட்டது.

பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் இலையில் வைத்த எதையும் தொடவில்லை.

"மைக்க கைல குடுத்ததும் உள்ள ஒண்ணுமே இல்லக்கா. காலியா இருந்துது. உனக்கு மட்டும் எப்பிடிக்கா ஜல்தியா வருது? நீ சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையா இருக்கும் தெரியுமா? நம்ம வாயில வர்றது ஒண்ணுகூட நம்முது இல்லியேன்னு."

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். அப்புறம் நானும் சொல்லிவிட்டேன். "உன்னைப் பார்த்து இத்தனை வருஷமா எனக்கு வயிறு எரியுதுடி. மரக்காணம் பஸ்ஸுல அந்தம்மா கேட்டதிலேருந்து."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஐயே, அதுக்கா உப்பளத்தையே பாத்துக்கினு வந்த? வாந்தி வருதாக்கும்னு இல்ல நெனைச்சேன்!" என்றாள். பரிமாறுகிறவர் ரசத்தோடு நின்று வேடிக்கை பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம்.

சாப்பிட்டு எழுந்ததும் விளம்பர நிறுவனத்துக்காரர் தேடி வந்தார். மேடையில் நடந்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். இனிமேல் அவள் பேசுவதை நான் எழுதித்தர முடியுமா என்று கேட்டார். "எழுதறேன். ஆனா தாளைக் குடுத்து அனுப்ப மாட்டேன், நானே வந்து சொல்லுவேன்" என்றேன். அப்படித்தான் பல வருடங்கள் நடந்தது. வாரத்தில் ஒரு நாள் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் விழுப்புரம் போனோம். திண்டிவனத்துப் பாத்திரக்கடைக்காரருக்கும் அவளே வந்து பேசிக்கொடுத்தாள். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு மறுபடியும் எரிந்தது. அதையும் அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டதால் ராத்திரி சாப்பாடு இறங்கியது.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். எழுதியது யார் என்று கடைசிவரை ஊரில் யாரும் கேட்கவில்லை. அவள் இப்போது மகள் வீட்டோடு புதுச்சேரிக்குப் போய்விட்டாள். ஆட்டோ விளம்பரமும் குறைந்து, நான் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு கடைகளுக்கு போஸ்டர், செல்போனில் அனுப்பும் வீடியோ என்று செய்துகொடுக்கிறேன். அதில் ஒரு பெண் போடும் படத்தைப் பார்த்து, "யாரு பண்ணது, சூப்பரா இருக்குதே!" என்று கடைக்காரர்கள் வியக்கும்போது பழைய சூடு வயிற்றில் ஏறத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் நாற்காலியில் சாய்ந்துகொள்ளாமல் எழுந்து போய், அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொள்ள என்னால் முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன், பெரும்பாலும் முடிகிறது.