இறங்கிய எஸ்.ஜி.பி.ரி.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த தமிழன், ஏன் வந்தாய் என்ற கேள்விக்குக் கையில் ஒரு தாள் வைத்திருக்க வேண்டும். என் அண்ணன் வைத்திருந்தது அவருடைய ஈரலைப் பற்றிய தாள். ஹெப்பரைற்றிஸ் பி பல வருடமாக அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையில் அவரைப் பொலிசில் பதிந்து வைத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில், வைத்தியம். மாதாமாதம் இரத்த ரிப்போட்டைக் காட்டினால் இன்னொரு மாதம் தங்க விடுவார்கள்.

ரிப்போட்டில் நாங்கள் பார்த்தது எஸ்.ஜி.பி.ரி. என்ற ஒரு வரியைத்தான். ஈரலின் உயிர்க்கலங்கள் சாகும்போது இரத்தத்தில் கசிகிற பொருளின் அளவு அது. அண்ணனுக்கு அது இருநூறுக்கு மேலே நின்றது. இறங்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். பொலிசுக்குப் போகும்வரை கொஞ்சம் பொறுத்து இறங்கட்டும் என்றும் கும்பிட்டிருக்கிறேன். நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் அது சடாரென்று இறங்கியது.

"பிள்ளை, நோமல் எண்டு போட்டிருக்கு!" என்றார் அண்ணன்.

ஊரில் இருந்த அண்ணிக்குப் போன் எடுத்து நோமல் என்று சொன்னேன். அறக்குளா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். காசைக் கரியாக்குகிறீர்கள் என்று ஏசினேன். ரிப்போட்டில் பிளேற்லெற் என்று இன்னொரு வரி இருந்தது, இரத்தத்தை உறைய வைக்கிற சாமான். அதுவும் குறைந்திருந்தது. குறைந்தால் நல்லது என்று பழகிப்போன மூளைக்கு அதுவும் நல்ல சேதியாகவே பட்டது.

டொக்டரிடம் போக இன்னும் மூன்று கிழமை இருந்தது. பொலிஸ் பதிவின் தவணை அந்தக் கிழமையே முடிந்தது. பொலிஸ்காரர் ரிப்போட்டில் விரலை வைத்து, "தென் சனீபய் நே?" என்றார். இப்போது சுகம்தானே என்று கேட்கிறார். "ஓவ் சேர், ஹொந்தடம சனீபய்," நல்ல சுகம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். அப்படியென்றால் வீட்டுக்குப் போகலாமே என்று தாளைத் திருப்பித் தந்தார். அடுத்த கிழமை இரத்மலானையில் அண்ணனை விமானம் ஏற்றிவிட்டேன்.

குளிசையைத் தொடர்வதா என்று கேட்க, ரிப்போட்டோடு நான் மட்டும் கொட்டாஞ்சேனைக்கு டொக்டரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது பிளேற்லெற்றை.

"ஆள் எங்க?"

"ஊருக்குப் போயிட்டார் டொக்டர். நோமல் வந்திட்டுதெல்லோ."

"தங்கச்சி, சாகிறதுக்கு இனி அங்க கலம் இல்ல. அதான் இறங்கியிருக்கு. ஈரல் இறுகிப்போச்சு. உடனே கூப்பிடுங்க."

கூப்பிட்டால் வர முடியுமா? யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட ஆமியின் பாஸ் வேண்டும். அண்ணன் ரிப்போட்டின் பிரதியோடு போய் வரிசையில் நின்றார். சுகமான ஆளுக்கு எதற்குப் பாஸ் என்று திருப்பி அனுப்பினார்கள். டொக்டரிடம் கடிதம் வாங்கித் தபாலில் போட்டேன். அது போய்ச் சேருமுன் அண்ணன் இரத்தமாகச் சத்தி எடுத்து, ஒரே இரவில் முடிந்துபோனார்.

கடிதம் கிடைத்தது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று. அதை வாசித்துவிட்டு அண்ணி எனக்குப் போன் எடுத்தார். அழவில்லை, ஏசவில்லை.

"மச்சாள், நோமல் எண்டுதானே சொன்னனீங்கள்?"