ஃப்ளோராவின் குடில் கணக்கு

கழித்தல் 18,400. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஃப்ளோராவின் கணக்கு அந்த எண்ணில் வந்து நின்றது.

மாரிகுப்பத்தில் கிறிஸ்துமஸ் குடில் வேண்டுமென்றால் ஃப்ளோராவைத்தான் கேட்பார்கள். மாதா, சூசையப்பர், பாலன், இடையர்கள், ஆடு மாடு என்று எல்லாம் காகிதக் கூழிலும் பிளாஸ்டரிலும் அவள் கையால் உருவாகும். கோலார் வரை போகும். தொழிலுக்கு இது மூன்றாம் வருஷம். பில்களை பிஸ்கட் டப்பாவில் திணித்து மூடுவதுதான் போன வருஷம் வரை அவள் எழுதிய கணக்கு.

ஜூன் மாதம் கணவன் எல்வின் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி ஒரு பந்தயம் வைத்தான். பெங்களூரில் அவன் வேலை செய்யும் கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆகஸ்ட் முடிவில் கணக்கு நஷ்டம் காட்டினால் அவளும் அவனோடு விடியற்கால ரயில் ஏற வேண்டும். லாபம் என்றால் குடில். ஃப்ளோரா யோசிக்காமல் கை கொடுத்துவிட்டாள். காசு வந்தால் வரவு, போனால் செலவு. இதில் என்ன பெரிய வித்தை?

வித்தை இருந்தது. சீசனில் விலை ஏறுமென்று பிளாஸ்டர், பெயின்ட், மூங்கில் எல்லாவற்றையும் ஜூலையிலேயே இருபத்தேழாயிரத்துக்கு வாங்கிப் போட்டாள். மாதா திருவிழாவுக்குச் சின்னச் சுரூபங்கள் விற்றதில் வந்தது 8,600. மீதிப் பொருளெல்லாம் பின்னறையில் கூரை முட்ட நிற்கிறது. நோட்டில் மட்டும் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டு சுனிதாவைக் கூப்பிட்டாள். ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.

“அக்கா, நீ மூட்டையா வாங்கி வெச்சத செலவுன்னு எழுதிட்ட. அது இன்னும் ரூம்ல தானே இருக்குது? அது சரக்கு. எந்தச் சாமான் வித்துச்சோ, அதுக்கு ஆன செலவ மட்டும் அந்த வரவுல கழி.”

கட்டிலில் படுத்திருந்த எல்வின் எழுந்து உட்கார்ந்தான். “இன்னாம்மா இது? தோத்ததும் ரூல மாத்துறீங்க! இது கள்ள ஆட்டம்.”

“இருங்கண்ணா. போன வருஷ பில்லு டப்பாவுல இருக்குதுல்ல? ரெண்டு மாதிரியும் போட்டுப் பாக்கலாம். எது நெஜத்த சொல்லுதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மூவரும் தரையில் பில்களைப் பரப்பினார்கள். பழைய முறையில் போன வருஷம் அக்டோபர் வரைக்கும் நஷ்டம், டிசம்பரில் திடீர்ப் பணக்காரி. எல்வின் தாடையைச் சொறிந்தான். “அக்டோபர்ல இந்தக் கணக்க நான் பாத்திருந்தா கடைய மூடச் சொல்லியிருப்பேன்.”

புது முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம். ஸ்டார் லாபம். ஆடு லாபம். சூசையப்பர்கூட நல்ல லாபம். ஃப்ளோரா துள்ளிக்கொண்டிருந்தாள், ஒட்டகத்தின் பக்கம் வரும்வரை.

மூன்று ராஜாக்களோடு வரும் அந்த ஒட்டகம்தான் அவளுடைய பெருமை. நீண்ட கண்ணிமை, மணி தொங்கும் கழுத்து. அதைப் பார்க்கவே குடில் வாங்குபவர்கள் உண்டு. சாமானுக்கு 1,300, வேலைக்கு 1,800. விற்றது 2,400.

“ஒவ்வொண்ணுக்கும் எழுநூறு நஷ்டம்,” என்றாள் சுனிதா.

“வேலைக்கு எதுக்குடி காசு போடுற? நான்தானே செஞ்சேன்? ஆசைக்கு செஞ்சேன்.”

“அப்போ அண்ணன் ஆபீஸ்ல ஆசைக்கா பெட்டி தூக்குறாரு?”

எல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். “பாலைவனத்துல தண்ணி இல்லாம இருக்குமாம். நம்ம வூட்ல மட்டும் நம்ம சோத்தையே தின்னுது!”

ஃப்ளோராவுக்கு முகம் சிவந்தது. அந்த ஒரு பக்கத்தை விட்டுவிடச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விட்டால் அவன் சொன்ன கள்ள ஆட்டம் உண்மையாகிவிடும். பேனாவை வாங்கி எழுநூறைத் தானே எழுதினாள்.

பிறகு இந்த வருஷக் கணக்கு. விற்ற சுரூபங்களுக்கு ஆன செலவு, அவள் கூலியும் சேர்த்து, 5,100. லாபம் 3,500.

எல்வின் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். “லாபந்தான், ஒத்துக்கிறேன். ஆனா இத வெச்சு கரண்ட் பில்லு கட்ட முடியாது. கையில காசு எங்க?”

 ஃப்ளோரா சொன்னாள்: “நீங்க எழுதச் சொன்ன நோட்டும் இருக்கட்டும். காசுக்கு அது, லாபத்துக்கு இது. இனிமே ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னாடியே வாங்கிடறேன். போதுமா?”

“ஒட்டகம்?”

“ஆர்டர் குடுத்தா மட்டும். மூவாயிரத்து அறுநூறு. வேணாம்னா ராஜாங்க நடந்து வரட்டும்.”

அன்று மாலையே பேக்கிங் வேலை வேண்டாமென்று கம்பெனிக்குச் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை விடியற்கால ரயிலுக்கு எல்வின் மட்டும் போகிறான். ஃப்ளோரா கோலார் ஆர்டருக்குக் கூழ் ஊறப்போடுகிறாள்.