மூச்சு விடாத கருவாடு

ஒரு பிளாஸ்டிக் கவரப் போயி இந்த அம்மா இவ்ளோ பெருமையா பேசுதேன்னு சிரிக்காதீங்க. எனக்குப் படிப்பு கெடையாது. "பால் பாக்கெட்டுல தேதி இருக்குது, பாத்து வாங்குங்கத்த"ன்னு மருமவ சொல்லுவா. அது எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான். மோந்து பாத்துதான் எதையும் வாங்குவேன். எம்மூக்கு தப்பு பண்ணதில்ல. போன மழைக்காலத்துல தப்பு பண்ணது மூளதான்.

எங்களுக்குக் கடலூர் பக்கம், கடலோரத்துல வீடு. பொண்ண சிதம்பரத்துல குடுத்திருக்கேன். அவ முழுகாம இருந்தா, மொதப் புள்ள. "அம்மா, நெத்திலிக் கருவாடு இருந்தாதாம்மா சோறு எறங்குது"ன்னு போன்ல அழுவா. ஐப்பசியில ஓலப்பொட்டியில போட்டுக் குடுத்தனுப்பினேன். பத்து நாளைக்குள்ள பூத்துப்போயி புழு வச்சிடுச்சி. சம்மந்தியம்மா அத்தினியும் குப்பையில கொட்டிட்டு, "கடலோரத்துக் கருவாடு இவ்ளோதானா?"ன்னு கேட்டாங்களாம். எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. அலசினது, உப்பு போட்டது, காக்கா வெரட்டினது எல்லாம் நானாச்சே. அடுத்த தடவ ஒரு நெத்திலி கூட குப்பைக்குப் போவக் கூடாதுன்னு வைராக்கியம் வந்துடுச்சி.

மருமவளுக்குப் பொறந்த ஊரு பக்கத்துல குடிகாடு. கண்ணாலத்துக்கு மின்ன மிக்சர் பாக்கெட் போடுற எடத்துல வேல பாத்தவ. "என்கிட்ட உடுங்கத்த"ன்னா. கருவாட்ட வெறும் சட்டியில வாட்டி, நல்லா ஆறவுட்டு, கெட்டிக் கவருல ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமா போட்டா. "ஒண்ணப் பிரிச்சாலும் மத்ததுல காத்து படாது, வீணாப் போவாது"ன்னா. உள்ள இருக்குற காத்த கையால தடவித் தடவி வெளிய தள்ளி, கவர் வாய இரும்பு அறுக்குற ஆக்சா பிளேடு மேல மடிச்சி, மெழுகுவத்தியில ஒரே இழுப்பு. ஒட்டிக்கிச்சி! எட்டுப் பொட்டலம். மோந்து பாக்குறேன், வாசனையே வரல. எம்மூக்கையே ஏமாத்திட்டா கெட்டிக்காரி.

ஆனா எட்டையும் எடுத்துக்கிட்டு மழையோட மழையா சிதம்பரம் பஸ்சுல ஏறினதும் எனக்கு மனசு கேக்கல. ஏன்னா அதுக்கு மின்ன வாரந்தான் பழக்கடக்காரரோட சண்ட போட்டிருந்தேன். திராட்சக் கவரெல்லாம் ஓட்ட. கிழிஞ்சத எந்தலையில கட்டுறியான்னு கேட்டேன். "ஆயா, அது வேணும்னே போட்ட ஓட்ட. பழம் மூச்சு விடும், இல்லன்னா வேர்த்து அழுவிடும்"னாரு. பாருங்களேன், ஓட்டையில கூட எவ்ளோ யோசன! திராட்சைக்கே மூச்சு வேணும்னா கருவாட்டுக்கு வேணாமா? ரவிக்கையில இருந்த ஊக்க எடுத்து, வரிசையா குத்த ஆரம்பிச்சேன். பாதி வழியில புதுச்சத்திரம் வர்றதுக்குள்ள மூணு பொட்டலம் முடிஞ்சிடுச்சி. பஸ்சு பூரா மணக்குது.

"யாரும்மா அது கருவாடு?"ன்னு பக்கத்துல இருந்த அம்மா மூக்கப் பொத்திக்கிச்சி.

"ஆயா, கருவாட்டுக்கும் ஒரு டிக்கெட் போடட்டா?"ன்னாரு கண்டக்டரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. வெக்கமாப் போயி ஊக்க மாட்டிக்கிட்டேன். மீதி அஞ்சு தப்பிச்சிது.

எட்டையும் குடுத்துட்டு வந்து, பதினஞ்சு நாள் கழிச்சி மறுபடியும் பொண்ணப் பாக்கப் போனேன். அன்னிக்கும் மழ. சம்மந்தியம்மா என்ன அடுப்பாங்கரைக்குக் கூப்புட்டாங்க. இதுவும் குப்பைக்குப் போயிடுச்சோன்னு நெனச்சிக்கிட்டே போனேன். பாத்தா, அவுங்க மொகந்தான் சின்னதாப் போயிருந்துச்சி.

"சம்மந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. ரெண்டு பொட்டலம் உங்க பொண்ணு சாப்புட்டுச்சி, அருமையா இருந்துச்சி. இந்தா, இந்த மூணும் இன்னும் மொறுமொறுன்னு இருக்குது. ஆனா இந்த மூணு மட்டும் நமுத்துப் போச்சி. எங்க ஊட்டு எலி கடிச்சிடுச்சி போல."

"ஆமா, எலிதான்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சி. அதுக்குள்ள எம்பொண்ணு கவர வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா.

"என்னாம்மா இது, எலி தையல் மிசின் ஓட்டுச்சா? இப்புடி வரிசையா இருக்குது!"

அவுங்க ரெண்டு பேரும் என்னியப் பாக்குறாங்க. "மூச்சு முட்டுமேன்னு நாந்தான் குத்தினேன்"னு சொல்லிட்டேன்.

"செத்த மீனுக்கா சம்மந்தி மூச்சு!" சம்மந்தியம்மா வயித்தப் புடிச்சிக்கிட்டு தரையில ஒக்காந்துட்டாங்க. அந்த அம்மா அப்புடி சிரிச்சி நான் பாத்ததேயில்ல.

நல்ல வேள, நமுத்ததுல பூப்பும் இல்ல, புழுவும் இல்ல. அன்னிக்கே சுடுதண்ணியில அலசி, கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வச்சோம். கொழம்பு கொதிக்கும்போது சம்மந்தியம்மா ஒரு டப்பாவத் தொறந்து காட்டுனாங்க. உள்ள வெங்காய வடகம். "மழ வந்தா இதுவும் பாதி குப்பைக்குத்தான் போவுது. உங்க மருமவகிட்ட குடுத்து ஒட்டித் தரச் சொல்றீங்களா?"

எம்மருமவள அவ மொகத்துக்கு நேரா ஒரு வார்த்த நான் பாராட்டினதில்ல. அன்னிக்கு என்னா வந்துச்சோ, மெழுகுவத்தி எப்புடிப் புடிப்பா, காத்த எப்புடித் தள்ளுவான்னு கையக் கையக் காட்டி சொல்லிக்கிட்டே இருந்தேன். சம்மந்தியம்மாவும் வாயத் தொறந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கொழம்பு பொங்கி அடுப்பே அணைஞ்சிப் போச்சி, ரெண்டு பேருக்கும் தெரியல. நெத்திலி ஒண்ணு கூட வீணாப் போவல. கொழம்புதான் கொஞ்சம்.