எடுத்தாச்சு சார்

"காலைத் தூக்குங்க கொழுந்தனாரே, கூட்டணும்ல?"

நூலக வாசல் பெஞ்சில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் வெண்கல மனிதரைத்தான் கேட்கிறார் அக்கா. அவர் தூக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரும் இதே ஜாதகம்தான். கையில போன் இருந்தா காலு மரத்துப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே, வெண்கலக் கால்களுக்கு நடுவே துடைப்பத்தை விட்டு ஒரு சுழற்று.

பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். பார்வையோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. மஞ்சள் ஹெல்மெட், ஆண்கள் அணியும் பூட்ஸ், எட்டுக் கட்டடத்துக்குக் கேட்கும் தொண்டை. எல்லோருக்கும் இவர் 'ஆச்சு அக்கா'. எந்த வேலையைச் சொன்னாலும் வாக்கியம் முடிவதற்குள் "ஆச்சு" என்பார். முடிவதற்குள் என்பதுதான் சிக்கல். ஒருமுறை கணிதத்துறை ஆள் ஒருவர், "அக்கா, என் ரூம் பூட்டு..." என்றார். "ஆச்சு." சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பூட்டு இரண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. "பூட்டு நல்லா இருக்கு, இன்னொரு சாவி வேணும்" என்பது அவர் சொல்ல வந்தது.

வளாகத்திலுள்ள நான்கு சிலைகளுக்கும் கல்வெட்டில் ஒரு பெயர், அக்காவின் வாயில் வேறு பெயர். பொறியியல் வாசலில் இரும்பை வளைத்து நிறுத்தியிருக்கும் 'எல்லையின்மையின் தொடக்கம்' அவருக்குக் 'கொக்கி'. அலுவலகத்தின் முன்னால் இருக்கும் பளிங்கு உருண்டை 'முட்டை'. கலைத்துறை வாசலில் மோவாயை நிமிர்த்தி வானம் பார்க்கும் கல் பெண் 'நாத்தனார்'. "எப்பப் பாரு, மூஞ்சியைத் தூக்கியே வெச்சிருக்கா!"

அந்த நாத்தனாரைச் செதுக்கியவர் சிற்பத்துறைப் பேராசிரியர். அவர் பேச்சில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவியும் வைத்துவிடலாம். நாத்தனாருக்குப் பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. உளி பிடிக்க முடிவதில்லை. இனி இன்னொரு சிலை கிடையாது.

போன மாதம் ஒருநாள் அவர்தான் போன் செய்தார். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுபவர் என்பதால் அறையே கேட்டது.

"அம்மா... வந்து... நாளைக்குக் காலையில... நம்ம சிலையெல்லாம் எடுக்கறோம். ஒண்ணு விடாம... எடுத்துடணும். அதுக்கு..."

"ஆச்சு சார்." போன் கட்.

மறுநாள் காலை பேராசிரியர் அக்காவின் அறைக்கு வந்தார். கூடவே கழுத்தில் இரண்டு கேமராவோடு ஒரு புகைப்படக்காரர். வாய் ஓயாத மனிதர். "சீக்கிரம் சார், வெயில் ஏறிட்டா சிலை மூஞ்சியில மாவு பூசின மாதிரி ஆயிடும் சார்."

"எடுக்கலாமாம்மா?" என்றார் பேராசிரியர்.

"நேத்தே எடுத்தாச்சு சார்."

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அட... நீங்களே எடுத்துட்டீங்களா? எதுல... எடுத்தீங்க?"

"லாரியிலதான்."

"லாரி மேல ஏறி நின்னா! பலே... எல்லாம் நல்லா வந்துச்சா?"

"மூணு சமத்தா வந்துச்சு. உங்க நாத்தனார்தான் வரவே மாட்டேன்னு ஒரே அடம். கடைசியில கடப்பாரை போட்டோம்."

"கட..." என்றார் பேராசிரியர். மீதி எழுத்துகள் வாயிலிருந்து வரவேயில்லை.

"கடப்பாரைன்னா புது லென்ஸா சார்?" என்றார் புகைப்படக்காரர்.

ஓடினார்கள். கலைத்துறை வாசலில் பீடம் இருந்தது. பீடத்தின் மேல் இரண்டு கல் பாதங்கள் இருந்தன. பத்து விரல்களும் அப்படியே. கணுக்காலுக்கு மேல் காற்று. வகுப்புக்குப் போகிற வழியில் நின்ற மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேராசிரியர், இல்லாத முழங்காலைத் தொடப் போனவர் போல, நீட்டிய கையை அந்தரத்தில் வைத்தபடி நின்றார்.

பழைய சாமான் கிடங்கைத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி. விடுதி மெத்தைகள் வரிசையாக விரித்திருக்க, நான்கு பேரும் படுத்திருந்தார்கள். நாத்தனாருக்கு மார்பு வரை போர்வை.

"தலை இடிபடக் கூடாதுன்னு தலையணையும் வெச்சேன் சார்."

பேராசிரியர் போர்வையைக் கால்பக்கம் விலக்கிப் பார்த்தார். உடனே மூடிவிட்டார். "படம்மா," என்றார். "படம்... எடுக்கணும்னு சொன்னேன். புத்தகம் போடறோம்."

"படமா?"

அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து யாரும் கேட்டதில்லை. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். "நான் அவளை... ஐயோ சார், ஒட்ட முடியுமா சார்?"

"முடியலாம்... உடைஞ்ச இடத்துல ஒரு சில்லு கூட... தொலையாம இருந்தா."

அவர்கள் கிடங்கிலிருந்து திரும்புவதற்குள் பீடத்தடியில் பதிவாளர் வந்து நின்றிருந்தார். ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி பேசுவார். "யாரு எடுத்தது. நீங்களா. நாளையிலேருந்து வர வேண்டாம். அடுத்து, யாரு எடுக்கச் சொன்னது."

"நான்தான்," என்றார் பேராசிரியர். நடுவில் புள்ளியே இல்லை. "எடுத்துடணும்னு சொன்னது நான். இவங்களை அனுப்பினா, முதல்ல என்னை அனுப்புங்க."

பதிவாளரிடம் அதற்கான ஸ்டாம்ப் இல்லை. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். கண் பீடத்தின் மேல் போனது. "சரி சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். விருந்தாளிங்க வர்ற நேரம், பாக்கக் கண்றாவியா இருக்கு. முதல்ல இந்தக் காலை எடுத்துடுங்க."

பராமரிப்புப் பிரிவு ஆட்கள் இன்னொரு கடப்பாரையோடு ஓரடி முன்னால் வந்தார்கள். அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"எந்த எடுக்கறது சார்?"



அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி மல்லாத்தித் தரையில் வைத்தார். முட்டி போட்டார். பீடத்தைச் சுற்றிப் புல்லில் சிதறிக்கிடந்த கல் சில்லுகளை, அரிசி மணி அளவே இருந்ததைக்கூட விடாமல், ஊதி ஊதி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார்.