பவுண்டுக் கதவு

மகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் அன்று பெற்றோர் பார்க்கும் நாள். கம்பிக்கதவுக்கு உள்ளே உட்கார்ந்து, நான் கொண்டுபோன சோற்றைத் தின்றபடியே ஆங்கிலச் சொற்களை ஒப்பித்தாள். என்னோடு வெளியே நின்ற சின்னவளும் உள்ளே ஓடி அக்கா தட்டில் கைவைத்தாள்.

"இம்பவுண்ட்னா புடிச்சு அடைக்கறதும்மா. பவுண்டுன்னா பழைய இங்கிலீஷ்ல அடைப்பாம்."

எனக்கு மூத்திரத்தில் ஊறிய சாணத்தின் வீச்சம் அடித்தது. சிறுவயதில், எங்கள் பசு அடுத்தவர் சோளத்தில் மேய்ந்ததென்று ஊர்ப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள். அபராதம் கட்டி மீட்க, சந்தைக்குப் போன அப்பா திரும்ப வேண்டும். மடி கனத்துப் பசு கதறியது. அம்மா கன்றை ஓட்டிப்போய், காவல்காரரிடம் கெஞ்சி, பால் குடிக்க உள்ளே விட்டாள். அவர் கதவைப் பூட்டினார்.

"குடிச்சதும் கன்ன வுட்டுருங்க."

"உள்ள வந்துட்டா அதுக்கும் அபராதந்தாங்க. சேத்தே மீட்டுக்குங்க."

அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கன்று வாலை ஆட்டி ஆட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

விடுதி வார்டன் சிரித்துக்கொண்டே வந்தார். "சின்னதயும் இங்கயே சேத்துருங்க. அக்காகூட இருந்துக்கும்."

கம்பிக்குள் கையை விட்டு, சின்னவளின் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.